கிழவனுக்குக் குரல் கொடுத்தவன்

குரலை வைத்துத்தான் பிழைக்கிறேன். துணிக்கடைக்கும் நகைக்கடைக்கும் விளம்பரம் படிக்கிறேன். வேற்றுமொழித் தொடர்களில் மாமனார்களுக்கும் மந்திரிகளுக்கும் தமிழ் பேசுகிறேன். எங்கே படித்தீர்கள் என்று யாராவது கேட்டால் ஏற்காட்டில் என்பேன். அங்கே ஏது அப்படி ஒரு கல்லூரி என்று அடுத்த கேள்வி வரும். இப்போது இல்லை என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவேன். அந்தக் கல்லூரியை நினைத்தால் முதலில் கோபம் வரும், பின்னாலேயே வருத்தம் வரும். இரண்டும் சேர்ந்து உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு எந்த வேலையும் ஓடாது.

நாகலூர் போகும் வழியில், யாரோ கைவிட்டுப் போன காப்பி எஸ்டேட் பங்களாவில் அது நடந்தது. இசை, ஊடகம், நாடகம் என்று மூன்று துறைகள். பெயருக்குத்தான் கல்லூரி. எந்தப் பல்கலைக்கழகத்தோடும் ஒட்டும் உறவும் கிடையாது. மூன்று வருடம் முடித்தால் ஒரு சான்றிதழ் தருவார்கள். மாணவர்கள் எல்லோரையும் ஒரு மினிபஸ்ஸில் ஏற்றிவிடலாம், அப்படியும் இடம் மிச்சமிருக்கும். பங்களாக் கூடத்தில் இசை வகுப்பு. எஸ்டேட்டில் கணக்கெழுதிய ரைட்டர் குடியிருந்த வீட்டின் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டி அதை ஒலிப்பதிவு அறையாக்கியிருந்தார்கள். காப்பிக்கொட்டை காயவைக்கிற சிமெண்டுக் களம்தான் நாடக மேடை. மலைக்காற்று கலையை வளர்க்கும் என்று கல்லூரியை ஆரம்பித்தவருக்கு நம்பிக்கை. மிருதங்கத்துக்கு அந்த நம்பிக்கை இல்லை. பனியில் தோல் தொய்ந்து சுருதி இறங்கிக்கொண்டே போகும். மிருதங்க வாத்தியார் காலையில் அதைக் கரியடுப்பில் வாட்டியபடி மலையையே திட்டிக்கொண்டிருப்பார். காமிரா லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். நாங்கள் எடுத்த படங்களில் எது பனி, எது பூஞ்சை என்று எங்களுக்கே தெரியாது.

ஆரம்பித்தவரை நாங்கள் சார் என்று மட்டும் கூப்பிடுவோம். வடக்கே எங்கெங்கோ நாடகம் கற்றுக்கொண்டு வந்தவர். நெட்டையான ஆள், பேச்சு மெதுவாக வரும். கெட்டவர் இல்லை. இதை எழுதும்போது கை நின்று நின்றுதான் போகிறது, ஆனாலும் சொல்கிறேன், கெட்டவர் இல்லை. தன் கொள்கைகளின் மேல் அவருக்குப் பிள்ளைப் பாசம் இருந்தது. பிள்ளைகளான எங்கள் மேல் அது இருந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நான் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து ஊடகத்தில் சேர்ந்தேன். வானொலியில் பேச வேண்டும் என்பது ஆசை. நாடகத்தில் சேர்ந்தவர்களில் உள்ளூர்க்காரன் ஒருவன்தான். ஏற்காட்டில் ஒண்டிக்கடை என்கிற முக்கில் மளிகைக் கடை வைத்திருந்த பாயின் ஒரே மகன். முதல் வாரமே நாங்கள் ஒட்டிக்கொண்டோம். அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. யாரைப் பார்த்தாலும் முதலில் காலைத்தான் பார்ப்பான். மிளகும் ஆரஞ்சும் கொண்டுவந்து அவர்கள் கடையில் போடுகிற மஞ்சக்குட்டைப் பக்கத்து விவசாயிகள் எப்படி நடக்கிறார்கள் என்று எனக்கு நடந்து காட்டுவான். வாழ்நாளெல்லாம் சரிவிலேயே நடந்தவர்கள் சமமான தார்ரோட்டிலும் ஒரு படி இருப்பதுபோலக் காலைத் தூக்கித்தான் வைப்பார்கள். அவன் சொல்லும்வரை அது என் கண்ணில் பட்டதில்லை. சொன்ன பிறகு பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பாய் கலைக்கு எதிரி அல்ல. கடையில் ரேடியோ பாடிக்கொண்டே இருக்கும். ஆனால் இருப்பது ஒரு மகன், கடையும் ஒன்று. அவர் எந்தச் சரக்கையும் பிறர் வார்த்தையை நம்பி வாங்க மாட்டார். காப்பிக்கொட்டையைக் கடித்துப் பார்ப்பார், மிளகை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்ப்பார், அதற்குப் பிறகுதான் பேச்சு. மகனைச் சேர்க்க வந்த அன்றைக்கும் சாரிடம் அப்படித்தான் சொன்னாராம்.

"ஒரு வருசம் போகட்டுங்க. அப்புறம் நானே வந்து பாக்கறேன். தேறுவான்னு பட்டுச்சுன்னா மிச்சத்தையும் படிக்கட்டும். இல்லீனா கடையில வந்து உக்காரட்டும்."

அந்த ஒரு வருடத்தின் முடிவில் வந்ததுதான் ஆண்டு நாடகம். மூன்று துறைகளும் அதில் கலக்க வேண்டும் என்பது கல்லூரியின் வழக்கம். சார் அதற்குக் கண்டுபிடித்த வழி இது. நாடக மாணவர்கள் களத்தில் உடம்பால் மட்டும் நடிப்பார்கள், வாய் திறக்கக் கூடாது. அவர்களுக்கான பேச்சை ஊடக மாணவர்கள் பக்கத்துக் கொட்டகையில் மைக் முன்னால் உட்கார்ந்து பேசுவார்கள். சில்வர் ஓக் மரத்தில் கட்டிய ஒலிபெருக்கி வழியாக அது வெளியே வரும். பாட்டும் தாளமும் இசைத் துறை. நடிக்கிற எல்லோருக்கும் முகமூடி உண்டு, காகிதக் கூழில் செய்தது. எல்லா முகமூடியும் ஒரே முகம். முகம்தான் நடிகனைச் சோம்பேறியாக்குகிறது என்பது சாரின் கட்சி. யார் எந்த வேஷம் என்று நோட்டீஸில் போட மாட்டார், வெளியிலும் சொல்லக் கூடாது. நாடகம் முடிந்ததும் வரிசையாக வந்து வணக்கம் சொல்வதும் கிடையாது. பார்த்தவர்கள் கலைந்து போகும்வரை நடித்தவர்கள் கொட்டகைக்குள்ளேயே இருக்க வேண்டும்.

கதை எளிமையானது. காணாமல் போன தன் மாட்டைத் தேடி ஒரு மலைக்கிழவன் பனிக்குள் அலைகிறான், அவ்வளவுதான். கிழவனாக என் நண்பன். கிழவனின் குரலாக நான்.

எனக்கு வாய்த்த கனமான குரல் அவனுக்கு இல்லை. அவனுடையது கீச்சென்று, நடுவில் உடையும். இருந்தும் தனக்கு ஒரே ஒரு வரியாவது பேசக் கிடைக்குமா என்று சாரிடம் போய்க் கேட்டான். உனக்கு உடம்பு, அவனுக்குக் குரல், பங்கு பிரித்தாயிற்று என்று சார் சொல்லிவிட்டார். அன்றைக்கு எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான். பிறகு ஒத்திகைகளில் அது போய்விட்டது. கொட்டகை ஜன்னல் வழியாக அவனைப் பார்த்துக்கொண்டே நான் பேச வேண்டும். அவன் காலைத் தூக்கும்போது நான் மூச்சை இழுப்பேன், வைக்கும்போது சொல்லை விடுவேன். கொஞ்ச நாளில் அவன் பேசுகிறானா, நான் நடக்கிறேனா என்று எங்களுக்கே குழம்பியது. அதற்குப் பிறகு எத்தனையோ பேருடைய வாய்க்கு நான் குரல் கொடுத்திருக்கிறேன். அந்த மாதிரி ஒரு பொருத்தம் திரும்ப வரவே இல்லை.

அப்பாவிடம் மட்டுமாவது உன் வேஷத்தைச் சொல்லி வை என்று நான் சொன்னேன். அவர் வந்து பார்த்து முடிவு சொல்லப்போகிற நாடகம் இது, விளையாட்டில்லை என்றேன். அவன் கேட்கவில்லை. சாரின் விதி ஒரு காரணம். இன்னொரு காரணம் அவனுடையதே.

"மகன்னு தெரிஞ்சு பாத்தா மகனைத்தான்டா பாப்பாரு. தெரியாம பாக்கட்டும். நல்லா இருக்குன்னு அவரு வாயால சொன்ன பொறவு, அது நாந்தான்னு சொல்றேன்."

எனக்கும் அது அப்போது அழகாகத்தான் பட்டது. அந்த வயதில் எங்களுக்கு எதையும் நேராகச் சொல்லிவிட்டால் கலையில்லை.

மே மாதம், சீசன் நேரம், பகல் மூன்று மணிக்கு நாடகம். களத்தைச் சுற்றிப் பக்கத்து எஸ்டேட் ஆட்கள், மலை விவசாயிகள், இரண்டொரு சுற்றுலாக்காரர்கள். பாய் வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக முன்வரிசையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சீசனில் கடையைப் பூட்டிவிட்டு அவர் வந்ததே பெரிய விஷயம். ஒரே முகம் போட்ட கும்பல் ஒன்று களத்தில் வந்து நின்றது. கும்பலைவிட்டு ஒருவன் கம்பளியைப் போர்த்தபடி தனியாகப் பிரிந்து, சமமான சிமெண்டுத் தரையில் ஒரு படி இருப்பதுபோலக் காலைத் தூக்கி வைத்தான். மலைக்காரர்கள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு எழுந்தது. கேலிச் சிரிப்பில்லை, சொந்தக்காரனைச் சந்தையில் பார்த்துவிட்ட சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் அதுவும் அடங்கியது. கிழவன் மாட்டைக் கூப்பிடும் இடம் வந்தபோது நிஜமாகவே பனி இறங்கிவிட்டது. "வா சாமி, ஊட்டுக்குப் போலாம், பனி எறங்குது" என்று நான் மைக்கில் கூப்பிட்டேன். பனிக்குள் அவன் கை மட்டும் தெரிந்தது. ஜன்னல் வழியாகப் பாயைப் பார்த்தேன். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, குனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

நாடகம் முடிந்தது. விதிப்படி யாரும் வெளியே போகவில்லை. பாய் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், கடை ஞாபகம் வந்திருக்கும், போய்விட்டார். எங்களுக்கு அன்றிலிருந்து விடுமுறை. நான் பையைத் தூக்கிக்கொண்டு சேலம் பஸ் ஏறி மலையிறங்கிவிட்டேன். ஒரு நாள் தங்கியிருந்தால் போதும். அதை எத்தனை தடவை நினைத்திருப்பேன் என்று கணக்கில்லை. செல்போன் இல்லாத காலம். விடுமுறை முழுக்க நான் ஊரில் மாம்பழம் தின்றுகொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

ஜூனில் திரும்பி வந்தபோது ஒண்டிக்கடையில் பஸ் நின்றது. கடையில் தராசுக்குப் பின்னால் அவன் நின்றுகொண்டிருந்தான். லீவுக்கு உதவுகிறான் போல என்று கையைக் காட்டினேன். அவன் பதிலுக்குக் கையைக் காட்டவில்லை.

நடந்ததை அன்றைக்குக் கடைக்குப் பின்னால் நின்று சொன்னான். நாடகம் முடிந்து வீட்டுக்குப் போனதும், எப்படி அத்தா இருந்தது என்று கேட்டிருக்கிறான். பாய் மனது நிறைந்துதான் இருந்திருக்கிறார். அந்தக் கிழவன் வேஷம் கட்டின தம்பி மனுசனே இல்லை, அப்படி ஒருத்தன் எனக்குப் பிறந்திருந்தால் கடையை விற்றாவது படிக்க வைப்பேன் என்றிருக்கிறார். இவன் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு, அது நான்தான் அத்தா என்றிருக்கிறான்.

பாய் அவனை ஏற இறங்கப் பார்த்தாராம். பிறகு, அந்தக் குரல் எனக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கிறார். தெரியாமல் எப்படி இருக்கும்? ஊருக்குப் பேச வேண்டுமென்றால் அவர் கடை போனில்தான் நான் பேசுவேன். லைன் சரியில்லாமல் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவேன். அந்தக் குரல் ஒலிபெருக்கியில் கேட்ட மாத்திரத்தில் அவருக்கு ஆள் பிடிபட்டுவிட்டது. பேசுகிறவன் ஒருவன், நடிக்கிறவன் இன்னொருவன் என்பது உலகத்தில் யாருக்குத் தோன்றும்? எங்கள் சாருக்குத்தான் தோன்றும். அன்றுவரை தன்னிடம் பொய் சொல்லாத மகன், சிநேகிதனின் பேரைத் தான் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான் என்றுதான் பாய் எடுத்துக்கொண்டார். நடிப்பு வராததைக்கூட அவர் மன்னித்திருப்பார். பொய்யை அவரால் முடியவில்லை.

"அங்கேயே நடந்து காட்டியிருக்கலாமேடா" என்று நான் கத்தினேன்.

"எந்திரிச்சேன்டா. பொய்யன்னு சொல்லிட்டாரு, அதுக்கப்புறம் காலு வரல. நாலெட்டு வெச்சேன், அது என் காலாவே இருந்துச்சு. கெழவன் வரவே இல்ல."

அப்படியும் அவன் விடவில்லை. முகமூடியைப் போட்டுக்கொண்டு நடந்தால் வரும் என்று மறுநாள் கல்லூரிக்கு ஓடியிருக்கிறான். பங்களா பூட்டிக் கிடந்தது. சார் சென்னைக்குப் போயிருந்தார். கல்லூரி திறப்பதற்குள் நடந்து காட்டும் மனசே அவனுக்குப் போய்விட்டிருந்தது.

நான் நேராகப் பாயிடம் போனேன். நாற்காலி போட்டு உட்காரவைத்து டீ சொன்னார். கிழவன் அவன்தான், நான் வெறும் குரல்தான் என்று அடித்துச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவர் முகத்தில் ஒரு கனிவு ஏறியது.  சிநேகிதனுக்காக இவ்வளவு தூரம் வந்து பேசுகிறீர்களே, நல்ல மனது என்று என் முதுகைத் தட்டிக்கொடுத்தார். நான் பேசப் பேச என் குரலே அவருக்குச் சாட்சியாகிக்கொண்டிருந்தது. அது கிழவனின் குரல்.

மற்ற பையன்கள் யார் சொன்னாலும் சிநேகிதப் பேச்சாகத்தான் அவருக்குப் படும். மிச்சமிருந்தது சார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் பாய் நம்புவார், வாத்தியார் பொய் சொல்ல மாட்டார் என்பதில் பாய்க்கு உறுதி இருந்தது. நான் கெஞ்சிக் கூத்தாடி அவரை ஒண்டிக்கடைக்கு அழைத்துப் போனேன். பாய் தராசை விட்டு எழுந்து வந்து, கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகக் கேட்டார்.

"ஏனுங்க சார், ஒரே ஒரு வார்த்தை. அந்தக் கெழவன் எம் பையனுங்களா?"

சார் கண்ணை மூடித் திறந்தார். அப்படிச் செய்தால் ஏதோ பெரிதாக வரப்போகிறது என்று எங்களுக்குத் தெரியும்.

"என் நாடகத்தில் யார் என்பதே கிடையாது பாய். அந்தக் கிழவர் எல்லோரும்தான்."

 தன் மனது நோகக் கூடாதென்று வாத்தியார் இல்லை என்பதைச் சுற்றி வளைத்துச் சொல்கிறார் என்று பாய்க்குப் புரிந்துவிட்டது. சரிங்க என்றார். அவன் தராசுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். திரும்பி வரும் வழியெல்லாம் நான் சாரிடம் கத்தினேன். ஆம் என்ற ஒரு சொல் உங்கள் வாயில் வராதா என்று கேட்டேன். ஒரு தகப்பனைச் சமாதானப்படுத்துவதற்காக நாடகத்தை அவிழ்த்துக் காட்ட முடியாது என்று அவர் பொறுமையாக விளக்கினார். அவர் அதை மனமார நம்பினார். அதனால்தான் இன்றுவரை என் கோபம் ஆறவில்லை. வேண்டுமென்றே செய்திருந்தால் திட்டித் தீர்த்திருப்பேன்.

அவன் திரும்பி வரவில்லை. அடுத்த ஆண்டு நாடகத்தில் வேறொருவன் நடித்தான், நான் குரல் கொடுக்க மறுத்துவிட்டேன். நாங்கள் முடித்து வெளியே வந்த சில வருடங்களில் கல்லூரியும் மூடிவிட்டது. பங்களா இப்போது ரிசார்ட். களத்தில் கல்யாண ஜோடிகளைப் படம் எடுக்கிறார்கள்.

ஏற்காட்டுக்கு எப்போதாவது போவேன். போனால் அந்தக் கடைக்குப் போகாமல் மலையிறங்க மாட்டேன். அவனுக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள், கடையும் பெரிதாகிவிட்டது. நன்றாகத்தான் இருக்கிறான். அதைப் பார்க்கும்போதும் எனக்கு மனது ஆறுவதில்லை. நாங்கள் நாடகத்தைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை. கல்லாப் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் பாய் உட்கார்ந்திருப்பார். பார்வை ரொம்பவே மங்கிவிட்டது. என் குரல் கேட்டால் முகம் மலரும்.

போன தடவை நான் போனபோது அவர் அப்படி மலரவில்லை. பக்கத்தில் வரச் சொல்லி என் கையைப் பிடித்துக்கொண்டார். உடம்பு மெலிந்து, கை சில்லென்றிருந்தது. அவன் இரண்டடி தள்ளி நின்று யாருக்கோ காப்பித்தூள் நிறுத்துக்கொண்டிருந்தான்.

"கண்ணு, ஒண்ணு கேக்கோணும். மறைக்காம சொல்லு. அன்னைக்கு அந்தக் கெழவன் நீதானே? இவன் ஒருநாளு நாந்தான்னு சொன்னான். நீயும் அவனுக்காகச் சொன்ன. நான் நம்பல. இப்பப் படுத்தா தூக்கம் வரல, நொம்ப ரோசனையா இருக்குது. நெசமாவே அவனா இருந்து, நான் பாட்டுக்கு அவம் பொழப்பக் கெடுத்துப்போட்டனா?"

இத்தனை வருடமாக நான் காத்திருந்த கேள்வி அது. ஆமாம் பாய், அவன்தான் என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது. இந்தத் தடவை அவர் நம்பியிருப்பார். நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். அவன் நிறுப்பதை நிறுத்தியிருந்தான். என்னைப் பார்த்து, மிக மெதுவாக, வேண்டாம் என்று தலையை ஆட்டினான். கெஞ்சுகிற பார்வை. முகமூடி போட்ட நாட்களில் நான் பார்க்க முடியாத முகம் அது.

"நான்தாங்க பாய்" என்றேன். "அவன் அன்னைக்கு ஏதோ ஆசையில சொல்லிட்டான். முகமூடி போட்ட கும்பல்ல பின்னால நின்னான்."

பாய் என் கையை இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அல்லாவுக்கு நன்றி சொன்னார். இனிமேல் நிம்மதியாகத் தூங்குவேன் என்றார். பிறகு பக்கத்தில் நின்ற வாடிக்கையாளரிடம் என்னைக் காட்டி, இந்தத் தம்பி ஒரு காலத்தில் கிழவன் வேஷம் கட்டினால் ஊரே அழும் என்று சொல்ல ஆரம்பித்தார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் நான் தராசையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பஸ் ஏற்றிவிட அவன் கூட வந்தான்.  ஏறப்போகும்போது என் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"நல்லா சொன்னடா. கொரலு கொஞ்சங்கூட நடுங்கல."